உறைந்த வாத்துக் காலுக்கு முதலுதவி



கனடா போன்ற குளிர் நாடுகளில், வீட்டுக் கொல்லையில் வாத்து வளர்ப்பவர்கள் உண்டு. வாத்துக்குப் பனி புதிதல்ல. அதன் காலுக்கு இறங்கும் சூடான இரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடும். அதனால் உடம்புச் சூடு வீணாவதில்லை. ஆனால், கடுங்குளிரோடு ஈரமும் சேர்ந்தால் வாத்தின் காலும் உறையும். வெப்ப நாட்டிலிருந்து வந்த மஸ்கோவி வாத்துக்கு இந்த ஆபத்து அதிகம்.

வாத்து நொண்டுகிறதா? கால் சவ்வு வெளுத்து, சில்லிட்டு, விறைத்திருக்கிறதா? உடனே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெதுவெதுப்பான நீரில் காலை வையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையால் நீரைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த இதமான சூடு போதும். நீர் ஆறினால் மாற்றுங்கள்.

காலைத் தேய்க்காதீர்கள். உறைந்த தசை சிதைந்துவிடும். நெருப்பருகே வைக்காதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். மறுபடி சொல்கிறேன்: வெதுவெதுப்பான நீர் போதும். தேய்ப்பு வேண்டாம், நெருப்பு வேண்டாம்.

பிறகு துணியால் ஈரத்தை மெல்ல ஒற்றியெடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கறுத்த பகுதியை நீங்களே வெட்டாதீர்கள். வலிக்கும் புண்ணுக்கும் கால்நடை மருத்துவர் மருந்து தருவார். குணமாகும்வரை பனியில் விடாதீர்கள். இளகிய கால் மீண்டும் உறைந்தால், பாதிப்பு முன்னைவிட மோசமாகும்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. கூண்டில் காற்றோட்டம் இருக்கட்டும். வைக்கோல் நனைந்தால் உடனே மாற்றுங்கள். வாத்தின் படுக்கை எப்போதும் உலர்ந்திருக்கட்டும்.