காத்திருப்போர் பட்டியலும் எங்கள் பிள்ளைகளும்

(சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் பங்குனி மாதம் பேசியது. புதுவருட மலருக்காக எழுதித் தந்தது.)



இந்தப் பேச்சுக்கு என்னைக் கேட்டபோது, "அண்ணை, நான் தொழிற்சாலையில வேலை செய்யிறவன். மருத்துவ பீடத்தைப் பற்றிக் கதைக்க ஒரு டொக்டரைக் கூப்பிடுங்கோ" என்று செயலாளரிடம் சொன்னேன். "டொக்டர்மார் உள்ளுக்குப் போன கதையைச் சொல்லுவினம். வாசலில நிண்ட கதையை நீர் சொல்லும்" என்றார் அவர். அதனால் வந்து நிற்கிறேன்.

நான் உயர்தரத்தோடு படிப்பு முடிந்தவன். 2007இல் யாழ்ப்பாணத்தில் உயிரியல் பிரிவில் சோதினை எடுத்தேன். அதற்கு முதல் வருடம் ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டப்பட்டிருந்தது. மெழுகுதிரிக்கும் விலை, கொப்பிக்கும் விலை. அந்த நிலையில் படித்து, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றேன். முதல் சுற்றில் போனவர்கள் பதியாமல் விட்டால், வெற்றிடம் நிரப்பக் கூப்பிடுவார்கள் என்று பல மாதம் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. 2010இல் இங்கே வந்து, அகதி வழக்குக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருந்தேன். ஆகவே மருத்துவம் எனக்குத் தெரியாது, காத்திருக்கத் தெரியும்.

சித்திரை பிறந்து நாலு கிழமையில் மே மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். ஒன்ராறியோ மருத்துவ பீடங்கள் தங்கள் முதற்சுற்றுப் பதிலை வெளிவிடும் நாள் அது. எங்கள் சமூகத்தில் பல வீடுகளில் அன்று காலை தேத்தண்ணி ஆறிப்போகும். இடம் கிடைத்த வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல எல்லோரும் இருக்கிறோம். இல்லை என்று வந்த வீடும் அழுது ஆறும். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. "நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்." அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. அந்த வீட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், இந்தப் பட்டியல் ஏன் இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கே எல்லா மருத்துவ பீடங்களுக்குமான விண்ணப்பம் குவெல்ப் நகரில் உள்ள ஒரே நிலையத்தினூடாகப் போகிறது. ஓம்சாஸ் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நேர்முகம், மேயில் பதில். ஒரே பிள்ளையை ரொறன்ரோவும் கூப்பிடலாம், மெக்மாஸ்ரரும் கூப்பிடலாம், வெஸ்ரேர்ணும் கூப்பிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு கதிரையில்தான் இருக்க முடியும். மற்ற இரண்டு கதிரையும் வெறுமையாகும். அதில் இருத்தத்தான் பட்டியல்.

முதல் அழைப்புக் கிடைத்தவர்களுக்குப் பதில் சொல்ல இரண்டு கிழமை அவகாசம் உண்டு. ஆகவே மே கடைசி வரை பெரிதாக ஒன்றும் அசையாது. அதன் பிறகு ஒருவர் ஓரிடத்தை விட, அந்த இடத்துக்கு இன்னொருவர் போக, அவர் விட்ட இடத்துக்கு வேறொருவர் என்று வரிசை நகரும். யூன், யூலை, சில வேளை ஓகஸ்டில் வகுப்புத் தொடங்கும் தறுவாயிலும் அழைப்பு வரும்.

எங்களில் பலருக்கு ஏஜென்சி வேலை தெரியும். விடிய ஐந்து மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியும் கட்டி, சப்பாத்தும் போட்டு, போனைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்போம். தொழிற்சாலையில் யாரும் வராமல் விட்டால்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் கூப்பிடாவிட்டால், எங்களுக்கு வேலை தெரியாது என்றா அர்த்தம்? இல்லை. அன்றைக்கு லைனில் ஒருவரும் நிற்காமல் விடவில்லை என்றுதான் அர்த்தம். காத்திருப்போர் பட்டியலும் அப்படித்தான். அதில் பெயர் இருக்கிற பிள்ளையை டொக்டராகப் படிக்கத் தகுதியானவள் என்று அந்தப் பீடம் ஏற்றுக்கொண்டுவிட்டது. கதிரைதான் இல்லை.

தகுதிக்கும் கதிரைக்கும் இடையில் எவ்வளவு மெல்லிய கோடு என்பதை ஒரு பல்கலைக்கழகமே காட்டியிருக்கிறது. கிங்ஸ்ரனில் உள்ள குயீன்ஸ் பல்கலைக்கழகம், 2025இல் தொடங்கும் மருத்துவ வகுப்புக்கு, குறித்த தகுதிக் கோட்டைத் தாண்டிய விண்ணப்பகாரருக்குள் சீட்டுக் குலுக்கி அடுத்த கட்டத்துக்கு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அவ்வளவு பேர் தகுதியோடு வாசலில் நிற்கிறார்கள்.

இது இவ்வளவு சாதாரண விடயம் என்றால், எங்கள் வீடுகளில் மட்டும் ஏன் செத்த வீடு மாதிரி ஆகிறது? இதற்குப் பதில் கனடாவில் இல்லை. ஊரில் இருக்கிறது.

1971ஆம் ஆண்டு பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத்துக்குத் தமிழ் மொழியில் எழுதிய மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 போதுமாயிருந்தது. நானூறுக்கு இருபத்தொரு புள்ளி வித்தியாசம். இதுதான் தரப்படுத்தல். 1974இல் மாவட்ட அடிப்படையும் வந்தது. நேர்மையாகச் சொன்னால், மாவட்ட முறையால் வன்னியிலும் மன்னாரிலும் இருந்து எங்கள் பிள்ளைகள் சிலர் முதன்முதலாக மருத்துவ பீடத்தைக் கண்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் மொழியைப் பார்த்துப் புள்ளியைக் கூட்டிய அந்தக் காயம் ஆறவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கிய பிறகும் ஆறவில்லை.

என் பெரியப்பா அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்ற ஒருவர். 250க்கு ஒன்பது புள்ளி குறைவு. 229க்குப் பன்னிரண்டு புள்ளி கூட. பிறகு எழுதுவினைஞராகி, ஓய்வு பெற்று, இன்று ஸ்காபரோவில் எங்களோடு இருக்கிறார். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் வீட்டில் "டொக்டர்" என்ற சொல்லுக்கு இவ்வளவு பாரம் வந்தது இதனால்தான். அது எங்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்று. பறித்ததைப் பிள்ளை மீட்டுத் தரவேண்டும் என்று நினைக்கிறோம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகம் 1920களிலும் 30களிலும் யூத மாணவர்களிடம் மற்றவர்களை விடக் கூடிய புள்ளி கேட்டது. இதே ரொறன்ரோவில் யூத டொக்டர்மாருக்கு ஆஸ்பத்திரிகளில் வேலை கொடுக்கத் தயங்கிய காலத்தில், 1923இல் அந்தச் சமூகம் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்றைய மவுண்ட் சைனாய். கதவு பூட்டப்பட்ட சமூகங்கள் பல உண்டு. ஆனால் பூட்டிய கதவு வேறு, நகருகிற வரிசை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பிள்ளைதான் நசிபடும்.

என் அக்காவின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். போன வருடம் மேயில் அவளுக்கு இரண்டு இடம் இல்லை என்றது, ஒரு இடம் காத்திருப்போர் பட்டியல் என்றது. "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றா அக்கா. யூன் முழுக்க வீட்டில் போன் அடித்தால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கோயிலில் ஒரு அம்மா, "இன்னும் ஒண்டும் வரேல்லையோ?" என்று கேட்டதோடு பிள்ளை கோயிலுக்குப் போவதையும் விட்டாள். யூலையில் ஒரு நாள் என் காரில் வரும்போது கேட்டாள்: "மாமா, எனக்குக் கிடைக்காட்டி அம்மா என்னோட கதைப்பாவோ?"

சபையோரே, இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிற எந்தப் பட்டமும் எங்களுக்கு வேண்டாம்.

பெரியப்பாதான் அவளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்: "பிள்ளை, என்னை மறிச்சது ஒரு சட்டம். உன்னை ஒருத்தரும் மறிக்கேல்லை. உனக்கு முன்னால ஆக்கள் நிக்கினம், அவ்வளவுதான். என்ர கணக்கை நீ தீர்க்கத் தேவையில்லை." ஐம்பது வருடத்துக்கு மேல் சுமந்தவர் சொல்லும்போது அக்காவாலும் ஒன்றும் பேச முடியவில்லை.

ஓகஸ்ட் முடிந்தது. அழைப்பு வரவில்லை. அவள் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போனாள். அங்கே ஆங்கிலம் மறந்துபோன ஒரு தமிழ் ஆச்சிக்கு இவள்தான் வாயும் காதும். இலையுதிர் காலத்தில் மறுபடி விண்ணப்பித்தாள். நேர்முகமும் முடிந்தது. இந்த மேக்கு நாங்களும் காத்திருக்கிறோம். ஆனால் இந்த முறை அக்கா கோயிலில் தானே சொல்லிக்கொண்டு திரிகிறா.

இனி, பட்டியலில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில நடைமுறை விடயங்கள்.

ஓரிடத்தில் அழைப்பும் இன்னோரிடத்தில் பட்டியலும் என்றால், கிடைத்ததைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு மற்றதற்குக் காத்திருக்க வழி உண்டு. உறுதியாக ஏற்றுவிட்டால் மற்றப் பட்டியல்களில் இருந்து பெயர் போய்விடும். எந்தப் பொத்தானை அமத்துகிறீர்கள் என்று இரண்டு தரம் வாசியுங்கள்.

பிந்தி வருகிற அழைப்புக்கு முதற்சுற்றைப் போல இரண்டு கிழமை தரமாட்டார்கள். மின்னஞ்சலை ஒவ்வொரு நாளும் பாருங்கள், குப்பைப் பெட்டியையும் பாருங்கள். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் போனும் மின்னஞ்சலும் வேலை செய்ய ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள்.

தாய் தகப்பன் பீடத்துக்குப் போன் எடுக்க வேண்டாம். விண்ணப்பித்தவரோடுதான் அவர்கள் கதைப்பார்கள். புதிய தகவல் அனுப்பலாமா கூடாதா என்பது பீடத்துக்குப் பீடம் வேறு. வந்த கடிதத்தில் உள்ளபடி செய்யுங்கள்.

பட்டியல் அந்த வருடத்தோடு சரி. அடுத்த வருடம் எல்லோரும் முதலில் இருந்துதான். ஆகவே காத்திருக்கும் மாதங்களில் மேற்படிப்போ வேலையோ ஒன்றைப் பிடியுங்கள். பிந்தி இடம் கிடைத்தால் அதை விடலாம். கிடைக்காவிட்டால் காலுக்குக் கீழே நிலம் இருக்கும்.

பார்க்கிற வாசல்களையும் கூட்டுங்கள். ஒட்டாவாவும் வட ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகமும் எம்கற் சோதினை கேட்பதில்லை. 2025இல் 94 இடங்களோடு பிரம்ரனில் தொடங்கிய ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் கேட்பதில்லை. மெக்மாஸ்ரர் அதில் வாசிப்புப் பகுதியை மட்டும் பார்க்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு எம்கற் கட்டணத்தில் சலுகையும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒன்று. வழக்கு முடிந்ததும் நிரந்தர வதிவிடப் பத்திரத்தைப் பிந்தாமல் போடுங்கள். மருத்துவ பீடங்கள் பொதுவாக அதை அல்லது பிரஜாவுரிமையைக் கேட்கின்றன. 2026 இலையுதிர் காலத்திலிருந்து 95 வீதமான இடங்கள் ஒன்ராறியோ வாசிகளுக்கே என்று மாகாண அரசு 2024 ஒக்ரோபரில் அறிவித்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இது சாதகமானது. பத்திரம் கையில் இருந்தால்தான் பயன்.

கடைசியாக, மனம் உடைந்த அவசரத்தில் வீட்டை ஈடு வைத்து வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பாதேங்கோ. போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து முடித்து வருகிற கனடியப் பிள்ளையும் வெளிநாட்டுப் பட்டதாரியாகத்தான் இங்கே பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டும். அந்த இடங்கள் கொஞ்சம். காசு கட்ட முதல் இதை விசாரியுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் இந்த மண்டபத்தைத் திறந்து வையுங்கள். ஏற்கனவே பட்டியலில் நின்ற பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து இருக்கட்டும். பிந்தி உள்ளே போனவர்களும் வரட்டும், வேறு வழியில் போனவர்களும் வரட்டும். அன்று பதில் வந்த பிள்ளைகள் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும். தேத்தண்ணிச் செலவை நானும் என் வேலைத்தல நண்பர்களும் ஏற்கிறோம். வருகிற பிள்ளையிடம் "என்ன கிடைச்சது?" என்று ஒருவரும் கேட்க வேண்டாம். "சாப்பிட்டனியோ?" என்று கேட்டால் போதும்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புதுவருட வாழ்த்துகள்.