மருந்தும் ஊர்தியும்



பாடுபொருள் உயர்ந்தது என்பதனாலேயே பாட்டு நெஞ்சில் இறங்கிவிடுவதில்லை என்பதை இவ்வவை அறியும். மருந்துக்கும் அதுவே விதி. மூலிகையில் குணம் இருப்பது ஒன்று. அக்குணம் நோயுற்ற இடத்தைச் சென்றடைவது வேறொன்று.

பசிபிக் யூ மரத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அம்மரத்தின் பட்டை ஆய்வுக்கெனச் சேகரிக்கப்பட்டது. புற்றணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் பொருள் ஒன்று அதில் இருந்தது. வால், வானி என்னும் அறிஞர்களின் குழு 1971இல் அதன் வேதியியல் அமைப்பை வெளியிட்டது. ஆயினும், பாக்ளிடாக்சல் என்னும் அம்மருந்து ஒப்புதல் பெற்றது 1992இல்தான். தாமதத்திற்குக் காரணங்கள் பல. மூலப்பொருள் அரிது என்பது ஒன்று. நீரில் கரையாது என்பது மற்றொன்று.

குருதியில் கலக்கவேண்டிய மருந்து நீரில் கரையாவிடில் என் செய்வது? ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய கரைப்பானிலும் எத்தனாலிலும் அதனைக் கரைத்தனர். மருந்து உடலுக்குள் சென்றது. கரைப்பானால் ஒவ்வாமையும் உடன் சென்றது. அதனைத் தடுக்க முன்கூட்டியே வேறு மருந்துகள் தரவேண்டியதாயிற்று. சுமந்துவந்த ஊர்தியே துன்பம் செய்தது!

2005இல் புதிய வடிவம் ஒப்புதல் பெற்றது. குருதியில் இயல்பாகவே உள்ள ஆல்புமின் புரதத்துடன் மருந்தைப் பிணைத்து, ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினர். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் ஒரு பங்கே நானோமீட்டர். பழைய கரைப்பான் வேண்டாததாயிற்று. கூடுதல் அளவைக் குறைந்த நேரத்தில் செலுத்த முடிந்தது. பரவிய மார்பகப் புற்றுநோயாளரிடம் நடந்த ஒப்பாய்வில், பழைய வடிவம் நூற்றுக்கு 19 பேருக்கும் புதியது 33 பேருக்கும் பலன் தந்தது. எனினும், உணர்வு நரம்புகளின் பாதிப்பு புதியதில் மிகுந்தது என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை.

நம் நாட்டு மஞ்சளுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. அதிலுள்ள குர்க்குமின் நீரில் கரைவது மிக அரிது. குடலும் கல்லீரலும் அதனை விரைவில் உருமாற்றி வெளியேற்றிவிடும். மிளகின் பைப்பரின் சேர்ந்தால் குருதியில் அதன் அளவு உயர்கிறது என 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. நானோ துகள்களும் அவ்வாறே உயர்த்துகின்றன. ஆனால், குருதியில் மருந்து ஏறுவது வேறு, நோய் தீர்வது வேறு. உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளை உண்டு கல்லீரல் பழுதுற்றோரைப் பற்றி மருத்துவ ஏடுகள் அண்மை ஆண்டுகளில் எழுதியுள்ளன.

யூ மரத்தின் மருந்து, நோயாளரிடம் பழையதோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. நன்மையும் தீமையும் எண்ணிச் சொல்லப்பட்டன. புட்டியின் மேல் ‘நானோ’ என்று அச்சிடுவோரிடமும் அதே கணக்கைக் கேட்பது நோயாளியின் உரிமை. அப்பெயரை மட்டும் நம்பி உரிய சிகிச்சையைக் கைவிடுபவர் இழப்பது உயிராகவும் இருக்கலாம்.