காஞ்சி நிற்கும் கோடு
(நடுநிலைப்பள்ளி ஆசிரியர் நடுவில் ஆற்றப்பட்ட உரை)

 

காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்பிற்கு வரும் பிள்ளை ஒருவனை எண்ணிப் பாருங்கள். பாவு எது, ஊடை எது என்று அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நடை பழகிய நாளிலேயே அவன் அதனை அறிந்தான். விடியலில் தெருவில் பாவு விரித்து இழை பார்க்கையில் அதன் அடியில் குனிந்து நுழைந்து வளர்ந்தவன் அவன். அத்தகைய பிள்ளையிடம் நிலவுருண்டையைக் காட்டி, 'அட்சரேகை எது? தீர்க்கரேகை எது?' என்று வினவினால் அவன் திகைத்து நிற்கின்றான். திகைப்பவன் அறிவிலியா? அல்லன். வினாவிலுள்ள இரு சொற்களும் அவன் அறிந்த பொருள் எதனையும் தொடவில்லை, அவ்வளவே.

கோயிலூர்ப் பிள்ளையின் காதில் 'அட்சம்' என்பது அட்சதையின் பக்கத்தில் போய் விழுகின்றது. 'தீர்க்கம்' என்பது தீர்த்தத்தின் பக்கத்தில் போய் விழுகின்றது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு அவன் நிலவுலகை யாங்ஙனம் அளப்பான்? தேர்வுக்கு முன்னாள் இரவு ஒன்றைக் கிடை என்றும் மற்றொன்றை நெடுமை என்றும் உருப்போடுகின்றான். மறுநாள் மாற்றி எழுதுகின்றான்.

நம் பாடநூல்களில் 'ரேகை' போய்க் 'கோடு' வந்தது. அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று இன்று அச்சாகின்றன. வால் தமிழாயிற்று, தலை வடமொழியாகவே நிற்கின்றது. ஈழத்துத் தமிழர் தம் பாடநூல்களில் அகலக்கோடு, நெடுங்கோடு என்று எழுதினர். நல்ல தமிழ்தான். எனினும் அவை இலத்தீனச் சொற்களின் பொருளைத் தழுவியவை. நடுநிலக்கடலைச் சூழ வாழ்ந்த பண்டை மக்கள் அறிந்த உலகம் கிழக்கு மேற்காக நீண்டும் தெற்கு வடக்காகக் குறுகியும் இருந்தமையால், அவர்கள் ஒன்றை நீளம் என்றும் மற்றொன்றை அகலம் என்றும் குறித்தனர். அந்த நீள அகலம் அவர்கள் நிலத்திற்குப் பொருந்தும். உருண்டைக்கு நீளமேது, அகலமேது?

நிலநிரைக்கோடு, நிலநேர்க்கோடு என்னும் இணைச்சொற்களே இவற்றுள் தெளிவானவை. நிரை என்பது வரிசை. ஆநிரை என்கின்றோம். ஒன்றன்மேல் ஒன்றாக ஒத்த இடைவெளியில், ஒன்றையொன்று தொடாது, நிலவுருண்டையைச் சுற்றி அடுக்கி நிற்பன நிரைக்கோடுகள். வடமுனையினின்று தென்முனைக்கு நேரே ஓடுவன நேர்க்கோடுகள். ஒரே நேர்க்கோட்டில் உள்ள ஊர்களுக்கெல்லாம் கதிரவன் நேருச்சிக்கு வருவதும் ஒரே பொழுதில் என்பதைக் கூறிவிட்டால், அச்சொல் பிள்ளையின் உள்ளத்தை விட்டு அகலாது. நேரசை, நிரையசை கற்ற மாணாக்கன் இவ்விணையைக் கேட்டுச் சிரித்துக்கொள்வான், அச்சிரிப்பும் நன்றே. கணக்குப் பாடத்தில் வரும் 'நேர்கோடு' வேறு. இங்கே ககர ஒற்று மிக்கு 'நேர்க்கோடு' ஆயிற்று என்பதை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் வேண்டும்.

ஆயினும் நம் இயக்கத்தார்க்கும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை இட்டவுடன் பாடம் முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். 'நிலநிரைக்கோடு' என்பதையும் உருப்போடச் செய்துவிட்டால் பிள்ளைக்கு என்ன ஊதியம்? சொல் கதவைத் திறக்கும். உள்ளே அழைத்துச் செல்பவர் ஆசிரியரே.

காஞ்சியில் அதற்கு ஏந்துகள் குறைவில்லை. பட்டுச் சேலையின் கரையில் அன்னம் வேண்டுமாயின், அதனை முதலில் கட்டத்தாளில் வரைகின்றனர். தாளில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு கட்டவரிசையும் பாவிழைக்கு உரியது. குறுக்கே ஓடும் ஒவ்வொரு கட்டநிரையும் ஊடைக்கு உரியது. சக்கார்டுப் பொறியில் ஒவ்வொரு நிரைக்கும் ஓர் அட்டை; தூக்க வேண்டிய இழைக்கு அட்டையில் ஒரு துளை. அன்னத்தின் கண் எங்கே வரவேண்டும்? இத்தனையாவது இழையும் இத்தனையாவது ஊடையும் வெட்டும் இடத்தில். இரண்டு எண்கள் சேர்ந்து ஓரிடத்தைக் குறித்துவிட்டன! ஒன்று மட்டும் கொடுத்தால் இடம் கிட்டாது. ஒரு கோடு முழுவதும் கிட்டும். நிலப்படத்தின் உயிர்க்கருத்து இதுவே. 'காஞ்சி வடக்கே 12 பாகை 50 கலை, கிழக்கே 79 பாகை 42 கலை' என்பதும் அன்னத்தின் கண்ணைப் போன்றதே. (பாகையை அறுபது கூறாக்கிய ஒரு கூறு கலை.)

தறியில் கைகொடுப்பதற்காகப் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பிள்ளைகள் ஒரு காலத்தில் இவ்வூரில் மிகப்பலர். இழை எண்ணத் தெரிந்த அப்பிள்ளைகள் இக்கணக்கைக் கையால் செய்தனர். பள்ளிக்கு வந்த சிலரும் 'அட்சரேகை' என்ற சுவரில் முட்டித் தமக்குப் படிப்பு வாராது என்று திரும்பினர் எனின், அது எவர் குற்றம்?

தறி முழுதும் உதவாது என்பதையும் ஒளிக்கலாகாது. பாவிழைகள் தலைமுதல் கடைவரை ஒன்றையொன்று தொடுவதில்லை. நேர்க்கோடுகளோ முனைகளில் சென்று கூடுகின்றன. சேலை தட்டை, நிலவுலகு உருண்டை. இங்கே பிள்ளையின் கையில் ஒரு குடையைக் கொடுக்க வேண்டும். காஞ்சிக் குடையின் அழகு நாடறிந்தது. வரதர் ஊர்வலத்தில் அதனைக் காணாத பிள்ளை இவ்வூரில் இல்லை. பத்தி வேறு, பாடம் வேறு. பாடத்திற்கு அக்குடை ஏற்றது. உச்சியில் கூடி விளிம்பில் விரியும் கம்பிகள் நேர்க்கோடுகள். துணியில் வளையமாக ஓடும் கரைகள் நிரைக்கோடுகள். விளிம்பு நிலநடுக்கோடு. மேலே செல்லச்செல்ல வளையம் சிறுத்து உச்சியில் புள்ளியாகிவிடும். நிரைக்கோடுகள் எல்லாம் ஒரே நீளமல்ல என்பதும், நேர்க்கோட்டு இடைவெளி முனைநோக்கிக் குறுகும் என்பதும் இங்கே கண்கூடு. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை நேர்க்கோட்டு இடைவெளி 111 கிலோமீட்டர். காஞ்சியின் நிரையில் அது 108½ ஆகிவிடுகின்றது.

அடுத்து, எங்கிருந்து எண்ணுவது? நிரைக்கோட்டுக்குச் சுழியத்தை இயற்கையே கொடுத்தது. நிலவுலகு சுழல்வதால் முனைகள் உண்டு. முனைகள் உண்டாகவே நடுக்கோடும் உண்டு. நேர்க்கோட்டுக்கு அத்தகைய இயற்கைச் சுழியம் இல்லை. எல்லாக் கம்பியும் ஒத்த கம்பியே. எனவே அது ஆட்சி வலியோரின் கைக்குப் போயிற்று. வடவர் வானூலார் உச்சயினி வழியே எண்ணினர். பிரான்சியர் பாரிசு வழியே எண்ணினர். 1884-இல் வாசிங்டனில் 25 நாடுகளின் பேராளர் கூடினர். 22 நாடுகள் கிரீனிச்சை ஏற்றன, ஒன்று மறுத்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களியாது ஒதுங்கின. ஆளப்பட்ட மக்களுக்கு ஆங்கே வாயில்லை. சுழியக்கோடு கிரீனிச்சு வழிச் செல்வது இயற்கை என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அது மாந்தர் செய்துகொண்ட உடன்பாடு என்று சொல்லிக்கொடுங்கள்.

கிரீனிச்சைச் சொல்லும் பாடம் சென்னையைச் சொல்லாமல் விடுவதும் பெருங்குறையே. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது வானாய்வு நிலையம். அதன் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்துள்ளது. 1802 ஏப்பிரல் 10-ஆம் நாள் பரங்கிமலை அருகே ஏழரைக் கல் தொலைவுக்கு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார் வில்லியம் இலாம்டன். பின்னர் இமயமலை வரை சென்ற முக்கோண அளவை தமிழ்நிலத்தில் ஊன்றிய கோலினின்றே புறப்பட்டது. இந்தியத் தொடர்வண்டிகள் பல்லாண்டு சென்னைப் பொழுதையே கொண்டு ஓடின. 1906 சனவரி முதல் நாள், பொழுதுக்கோடு வடபுலத்து மிர்சாப்பூர்ப் பக்கத்து 82 பாகை 30 கலைக்கு மாறிற்று. நாட்டின் நடுவண் அமைவதும், கிரீனிச்சினின்று சரியாக ஐந்தரை மணி வருவதும் கருதி அதனைக் கொண்டனர். ஏற்கலாம். ஆனால் அதன் விளைவு என்ன என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டாவா?

24 மணியில் 360 பாகை. ஒரு பாகைக்கு 4 மணித்துளி. காஞ்சி அக்கோட்டுக்கு மேற்கே 2 பாகை 48 கலை. ஆகவே காஞ்சியின் உண்மை நண்பகல் மணிப்பொறியின் 12-க்குப் பின் ஏறத்தாழ 11 மணித்துளி கழித்தே வருகின்றது. சென்னைக்கு அது 9. புவியின் சுற்றுப்பாதை முட்டைவடிவாய் இருப்பதாலும் அச்சின் சாய்வாலும் இஃது ஆண்டினூடே முன்பின்னாகும். பிப்பிரவரி நடுவில் 12.25 வரை தள்ளிப்போகும். நவம்பர்த் தொடக்கத்தில் 11.55-க்கே வந்துவிடும். கைப்பேசி இன்று ஊரின் இரண்டு எண்களையும் நொடியில் காட்டிவிடுகின்றது. இவற்றை அது சொல்வதில்லை.

நிரைக்கோட்டு எண்ணைப் பிள்ளைகளே அளந்துவிடலாம். வேண்டுவது ஒரு மீட்டர்க் கோல், நூல்குண்டு, அளவுகோல், பாகைமானி. மார்ச்சு 21-ஐயோ செப்டம்பர் 23-ஐயோ ஒட்டிக் கதிரவன் நிலநடுக்கோட்டின் உச்சியில் நிற்கும். அன்று பள்ளி முற்றத்தில் கோலைச் செங்குத்தாக ஊன்றி, 11¾ மணி முதல் மணித்துளிக்கு ஒருமுறை நிழல்நுனியைக் குறிக்கச் செய்க. நிழல் மிகக் குறுகிய நொடியே நண்பகல். அந்நிழல் காட்டும் திசையே வடக்கு. அதன் நீளம் ஏறத்தாழ 23 செ.மீ. இருக்கும். தாளில் 10-க்கு 2.3 என்று முக்கோணம் வரைந்து, கோலின் தலைப்புறக் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் ஏறக்குறைய 13 பாகை. அதுவே காஞ்சியின் நிரை. புவிநடுவில் காஞ்சிக்கும் நடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணமும் அதுவே என்பதை, வட்டம் வரைந்து இணைகதிர் இரண்டு கீறிக் காட்டிவிடலாம். எகிப்தில் 2200 ஆண்டுகட்கு முன் எரத்தோசுதெனீசு நிலவுலகின் சுற்றளவைக் கணித்ததும் இம்முறையாலேயே.

நிழலில் ஒரு செ.மீ. பிழைத்தால் நிலத்தில் 60 கிலோமீட்டர் பிழைக்கும். காஞ்சி திண்டிவனத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் அதனைக் கண்டு நகைப்பர். மறுமுறை நூல்குண்டை அசையாமல் பிடிப்பர்.

மேழத் திங்களில், ஏப்பிரல் 24-ஐ ஒட்டிக் கதிரவன் காஞ்சியின் நேருச்சிக்கே வந்துவிடும். 12 மணி 9 மணித்துளி அளவில் கோலுக்குப் பக்கநிழல் இராது. நிழல் காலடிக்குள் ஒடுங்கும். அது கோடை விடுமுறையில் வீழ்ந்தால், ஆகத்து 18-ஐ ஒட்டி 12¼ மணியளவில் மீண்டும் வரும். பள்ளி நடக்கும் நாள்தான். அன்று மூடமாக இருப்பின் மறுநாள் செய்யலாம்; ஒரு நாளைக்குக் கதிரவன் மூன்றிலொரு பாகையே நகர்கின்றது. கோலை மட்டும் முதல்நாளே ஊன்றிவைக்க.