கொலை வழக்கும் விஞ்ஞானமும்
மூன்று புத்தகங்கள் சொல்லும் செய்தி

(படிப்பகத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சமீபத்தில் படித்த புத்தகங்களைப் பற்றி மாதம் ஒருவர் பேசுவது நமது படிப்பகத்தின் வழக்கம். இந்த மாதம் என் முறை. மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று கொலை வழக்கு, ஒன்று தொழிற்சாலைப் பெண்களின் வரலாறு, ஒன்று விஞ்ஞானம். மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆகவே சாரத்தைத் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

"கொலைக் கதையைப் படித்து நமக்கு என்ன ஆகப் போகிறது?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எட்டு மணி நேரம் தறியோடு நின்றவர், பொழுது சாயும் வரை நாற்று நட்டவர், மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்தை எதற்குச் செலவழிப்பது என்று யோசிக்கத்தான் வேண்டும். முதலில் கதையைக் கேளுங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எண்ணெய்க்காக நடந்த கொலைகள்

முதல் புத்தகம் டேவிட் கிரான் எழுதியது. பெயர் "கில்லர்ஸ் ஆப் தி பிளவர் மூன்". 2017ல் வெளிவந்தது.

அமெரிக்காவில் ஓசேஜ் என்று ஒரு பூர்வகுடி மக்கள். கான்சாஸ் பகுதியிலிருந்து நெருக்கி வெளியேற்றப்பட்ட இவர்கள், 1870களில் இன்றைய ஓக்லஹோமா மாகாணத்தில் ஒரு நிலப்பரப்பை விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். பாறை பூமி. உழவுக்கு உதவாது. ஆகவே வெள்ளையர் யாரும் அதைத் தேடி வரமாட்டார்கள் என்று நம்பினார்கள். ஆனால் அந்தப் பாறைக்கு அடியில் எண்ணெய் இருந்தது!

1906ல் வந்த சட்டப்படி, பூமிக்கு அடியில் உள்ள எண்ணெய் குலம் முழுவதற்கும் பொதுச் சொத்து. வருமானத்தில் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கை விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். 1923ம் ஆண்டில் மட்டும் இந்த மக்களுக்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்தது.

உடனே சர்க்கார் என்ன சொல்லிற்று? "இவர்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது" என்று சொல்லிற்று! பலருக்கு வெள்ளைக்காரக் காப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். சொந்தப் பணத்தைச் செலவழிக்கவும் காப்பாளரின் கையைப் பார்த்து நிற்க வேண்டும்.

மாலி பர்க்ஹார்ட் என்ற பெண்ணின் குடும்பத்தைப் பாருங்கள். 1918ல் ஒரு தங்கை இனம் தெரியாத நோயில் உருக்குலைந்து இறந்தாள். 1921 மே மாதம் அக்காள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தாள். இரண்டே மாதத்தில் தாய் இறந்தாள். 1923 மார்ச் மாதம் இன்னொரு சகோதரியின் வீடு வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. அவளும் கணவனும் வேலைக்காரப் பெண்ணும் மாண்டார்கள். சாகச்சாக, பங்குகள் மாலியின் கைக்கு வந்து சேர்ந்தன. மாலியின் கணவன் எர்னஸ்ட் வெள்ளைக்காரன். அவனுடைய மாமன் வில்லியம் ஹேல் பெரிய பண்ணைக்காரன்; தர்மவான், ஓசேஜ் மக்களின் நண்பன் என்று பெயர் எடுத்தவன். சதியின் மூளை அந்த மாமன்தான்!

உள்ளூர்ப் போலீசும் அதிகாரிகளும் உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. 1925ல் டாம் ஒயிட் என்ற மத்திய சர்க்கார் துப்பறியும் அதிகாரி வந்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது. எர்னஸ்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஹேலுக்கு 1929ல் ஆயுள் தண்டனை. ஆனால் 1947ல் வெளியே வந்துவிட்டான். சர்க்கார் கணக்கில் கொலைகள் 24 அளவில்தான். கிரான் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்து, காப்பாளர்களின் பொறுப்பில் இருந்து மாண்டவர்களின் தொகை மிக அதிகம் என்கிறார்.

ஹேல் கெட்டவன் என்பதோடு கதை முடியவில்லை. விற்க முடியாத பங்கை அடைய இரண்டே வழிதான் இருந்தது: கல்யாணம், பிறகு சாவு. 1925ல் சட்டத்தைத் திருத்தி, பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் ரத்தம் உள்ளவர்களின் பங்கு வெளியார் வாரிசுக்குப் போகாதபடி செய்தார்கள். திறந்து கிடந்த கதவு அதன் பிறகுதான் அடைபட்டது.

ஒளி வீசிய பெண்கள்

இரண்டாவது, கேட் மூர் எழுதிய "தி ரேடியம் கேர்ள்ஸ்". இதில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனால் இதுவும் கொலைக் கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1898ல் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கலந்த சாயம் இருட்டில் ஒளிரும். 1917 முதல் நியூஜெர்சி மாகாணத்தின் ஆரஞ்சு நகரில், கடிகார முகப்பில் எண்களுக்கு இந்தச் சாயம் பூசும் வேலைக்கு இளம் பெண்களை எடுத்தார்கள். தூரிகை முனை கூராக இருக்க வேண்டும். அதற்கு உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை எண், அத்தனை முறை விஷம் வாய்க்குள்! ரேடியத்தைக் கையாண்ட ஆய்வுக்கூட ஆண்களுக்கோ ஈயத் தடுப்பும் இடுக்கியும் இருந்தன.

ரேடியம் ரசாயனக் குணத்தில் சுண்ணாம்புச் சத்தை ஒத்தது. ஆகவே உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்துவிடுகிறது. அது வீசும் ஆல்பா கதிரை வெளியே ஒரு காகிதம்கூடத் தடுத்துவிடும். ஆனால் எலும்புக்குள் குடியேறிவிட்டால் தடுப்பு ஏது? பல் விழுந்தது, தாடை எலும்பு பொடிந்து கையோடு வந்தது. 1922ல் இறந்த ஒரு பெண்ணுக்கு "மேகநோய்" என்று சாவுச் சான்றிதழில் எழுதி அவள் மானத்தையும் பறித்தார்கள். 1927ல் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்பெல்லாம் கதிர் வீசிற்று. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருஷம் ஆகும்.

கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும்! 1924ல் அவர்களே ஹார்வர்டு நிபுணரைக் கொண்டு சோதித்தார்கள். வேலைதான் காரணம் என்று அறிக்கை வந்தது. அதை மறைத்துவிட்டு, எல்லோரும் பூரண ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று தொழில் இலாகாவுக்குச் சொன்னார்கள்.

கிரேஸ் பிரையர் என்ற பெண் வக்கீலைத் தேடியே இரண்டு வருஷம் அலைந்தார். ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1928ல் ஆளுக்குப் பத்தாயிரம் டாலரும், வருஷம் 600 டாலரும், வைத்தியச் செலவும் என்று சமரசமாயிற்று. இல்லினாய்ஸ் மாகாணத்தில் கேதரின் டோனஹூ மரணப் படுக்கையில் கிடந்தபடியே சாட்சி சொல்லி, 1938ல் வெற்றி பெற்று, அந்த வருஷமே கண்ணை மூடினார். கம்பெனி மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்தது. 1939ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்தது.

குழாயடியில் கிடைத்த உண்மை

மூன்றாவது, ஸ்டீவன் ஜான்சன் 2006ல் எழுதிய "தி கோஸ்ட் மேப்". 1854ல் லண்டனின் பிராட் தெருப் பகுதியில் காலரா. சில வாரத்தில் 600க்கு மேல் சாவு. காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று மேதாவிகள் சொன்னார்கள். ஏழைகள் அழுக்கர்கள், ஆகவே சாகிறார்கள் என்பதும் அதில் அடக்கம்.

ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போனார். யார் செத்தார், எந்தத் தண்ணீர் குடித்தார்? இதுதான் கேள்வி. அந்தத் தெருவில் ஒரு தொழிற்சாலை. சுமார் 200 தொழிலாளர். தெருவின் அடிகுழாய்த் தண்ணீரைத் தொட்டியில் வைத்திருந்தார்கள். 18 பேர் மாண்டார்கள். அதே தெருவில் ஒரு பீர் காய்ச்சும் சாலை, 70 பேருக்கு மேல் வேலை, அவர்கள் அங்கே காய்ச்சியதையே குடித்தார்கள், தெருத் தண்ணீரைத் தொடவில்லை, ஒருவரும் மாளவில்லை. காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே? தண்ணீர்தானே வேறு?

செப்டம்பர் 8ந் தேதி அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் ஜனங்கள் ஓடிப்போனதால் நோய் ஏற்கெனவே தணிந்துகொண்டிருந்தது என்று ஸ்னோவே எழுதினார். விஞ்ஞானி என்றால் அப்படித்தான். தன் கட்சிக்குப் பாதகமானதையும் மறைக்கக்கூடாது. ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டப் புறப்பட்டவர் ஒயிட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார். அவரே விசாரித்து, கடைசியில் ஸ்னோவின் பக்கம் வந்தார். குழாய்க்கு அருகே ஒரு வீட்டின் மலக்குழி கசிந்து கிணற்றில் கலந்தது நிரூபணமாயிற்று. முப்பது வருஷம் கழித்து, 1884ல், ராபர்ட் கோச் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிப்படுத்தினார்.

நமக்கு என்ன?

தோழர்களே! மூன்று புத்தகத்திலும் ஒரே வேலை நடக்கிறது. யார் செத்தார், எங்கே, எப்போது, யாருக்கு லாபம் என்று ஒருவர் பொறுமையாகக் கணக்கு எடுக்கிறார். அந்தக் கணக்கு வரும்வரை கொலை "நோய்" என்றும், விஷம் "டானிக்" என்றும், அழுக்குத் தண்ணீர் "விதி" என்றும் பெயர் பெற்றிருந்தது.

கணக்கு எடுக்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. பஞ்சுத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் முதல் அடையாளம். இதை நம்மில் யார் யார் அனுபவிக்கிறோம்? எந்த இலாகாவில்? எத்தனை வருஷமாக? வயலில் மருந்து தெளித்த பிறகு தலை சுற்றி விழுந்தவர் யார்? அன்றைக்கு டப்பாவில் என்ன பெயர் இருந்தது? ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும்.

புத்தகங்கள் மூன்றும் அலமாரியில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த வாலிபர்கள் எடுத்துப் போய், வாரம் ஓர் அத்தியாயம் இங்கே வாய்விட்டு வாசித்துச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் அதே அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் திறக்கப் போகிறோம்.