பின்பக்கத்து டொக் சத்தம்

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. அன்றைக்குச் சந்தைப் பக்கம் வந்து நிற்கிற வண்டிகளை ஒரு நடை பார்த்துக்கொண்டே போனால், பழைய கார்கள் நிறையக் கண்ணில் படும். தேங்காய் மூட்டை ஏற்றி வந்த ஆம்னி, குடும்பத்தோடு வந்த மாருதி 800, ஆல்ட்டோ, நடுவில் ஒரு இன்டிகா. மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, ஆம்னி 2019-ல் நின்றது. ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அப்படி வைத்து ஓட்டுகிறவர்களோடுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இந்த வண்டிக்காரர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி கொண்டுபோகிற குறை ஒன்று உண்டு. “அண்ணா, பின்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுங்க. ஷாக்கு போயிடுச்சுங்களா?” கேள்வியிலேயே பதிலையும் சொல்லிவிடுகிறோம். மெக்கானிக்கும் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றித் தருகிறார். நாலு நாள் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், பிறகு அதே டொக். அடுத்து டயர் மாற்றுகிறோம், அதற்கடுத்து ஸ்பிரிங். கடைசியில், “வண்டி ஆடிப்போச்சு, வந்த விலைக்குத் தள்ளிடலாம்” என்று வீட்டில் முடிவாகிறது. ஷாக் அப்சார்பர் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல வண்டிகளில் கோளாறு அதைவிடச் சின்ன இடத்தில் இருக்கிறது. கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் துண்டு. புஷ்.

மாருதி 800, ஆல்ட்டோ வண்டிகளின் அடியில் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு பின் சக்கரங்களையும் இணைத்து ஒரே ஆக்ஸில். ஆக்ஸிலின் இரண்டு முனையிலிருந்தும் முன்பக்கம் நோக்கி ஒவ்வொரு இரும்புக் கை போய்ப் பாடியில் பூட்டியிருக்கும். அதற்கு டிரெய்லிங் ஆர்ம் என்று பெயர். ஆக்ஸில் இடம் வலம் நகராமல் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கம்பி உண்டு, அது லேட்ரல் ராட். ஆக மூன்று பிடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, முனைக்கு ஒரு புஷ். மொத்தம் ஆறு. ஷாக் அப்சார்பரின் அடிக்கண்ணிலும் மேலே மாட்டுகிற இடத்திலும் உள்ள ரப்பர் தனி. ஆம்னியில் அமைப்பு வேறு, அங்கே பட்டை ஸ்பிரிங். பட்டையின் முன் கண்ணில் ரப்பர், பின்னால் பட்டையைப் பாடியோடு இணைக்கிற ஷேக்கிளில் மேலும் கீழும் ரப்பர்.

புஷ்ஷைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே போல்ட் நுழைய ஒரு சின்ன இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். இந்த ரப்பர் இரும்போடு ஒட்டியே வார்க்கப்பட்டது. வெளிவளையம் ஆர்மின் துளையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். உள்குழாய் வெளிவளையத்தைவிடக் கொஞ்சம் நீளம். போல்ட்டை முடுக்கும்போது அந்தக் குழாயின் இரண்டு ஓரமும் பாடியில் உள்ள பிராக்கெட்டில் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு அசையாது. அப்படியானால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது திரும்புவது எது? எதுவும் சுழலவில்லை. ஈரத்துணியைப் பிழிகிறபோது துணி முறுக்கிக்கொள்வதுபோல ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, சக்கரம் பழைய நிலைக்கு வந்ததும் முறுக்கும் விடுபடுகிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் இனி நான் சொல்லப் போகிற எல்லாம் தானாகப் புரியும்.

முதலில் கிரீஸ். நம் ஊர் நெடுஞ்சாலை ஊர். சாலையோரப் பட்டறைகள் லாரியைப் பார்த்துப் பழகியவை. லாரிப் பட்டைகளில் பின்னும் புஷ்ஷும் இரும்போடு இரும்பாக உரசித் திரும்புகிற வகை உண்டு. அதற்கு நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தில் காரின் புஷ்ஷுக்கும் கிரீஸோ ஆயிலோ விடுகிறார்கள். கிரீச் சத்தம் அன்றைக்கு நிற்கும், ஆனால் ரப்பர் அன்றிலிருந்து கெட ஆரம்பிக்கும். இயற்கை ரப்பர் ஓயாமல் முறுக்கித் திரும்புவதைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள். பெட்ரோல், டீசல், ஆயில் பட்டால் மட்டும் அவற்றை உறிஞ்சி ஊதி, மெதுத்து, இரும்பை விட்டுப் பிரிந்துவிடும்.

வாட்டர் சர்வீஸில் நடப்பதையும் சொல்ல வேண்டும். வண்டியைக் கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ ஸ்பிரே அடித்து விடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. துருப் பிடிக்காது என்று நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அது அடியில் இருக்கிற அத்தனை புஷ்ஷின் மேலும் படிகிறது. காசு கொடுத்து ரப்பரை அழிக்கிற வேலை இது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

எண்ணெய் படாவிட்டாலும் வயது விடாது. வெயில், காற்று, சூடு எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கி வெடிப்பு விட வைக்கும். அதற்கு மேல் பாரம். பாலக்கோடு பக்கமிருந்து தக்காளிப் பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கிக்கொண்டு ஆம்னி வந்தால் பட்டையும் ஷேக்கிள் ரப்பரும்தான் அத்தனையையும் சுமக்கின்றன. பிறகு வேகத்தடை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதில் வழுக்கி ஏறி இறங்கிவிடும். கிராமச் சாலைகளில் நாம் தாண்டுகிறவை பல ஒரு முழ அகலத்தில், திட்டாக நிற்கிறவை. அவற்றில் முன் சக்கரம் இறங்கும்போது கவனமாக இருக்கிற நாம், பின் சக்கரம் இறங்குவதற்குள் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடுகிறோம்.

புஷ் போனால் சத்தம்தானே, போகட்டும் என்று விடலாமா? கூடாது. இடது ஆர்மின் புஷ் கிழிந்து மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸிலின் இடது முனை அந்த மூன்று மில்லிமீட்டர் பின்னால் போகிறது, வலது முனை அப்படியே நிற்கிறது. ஆக்ஸில் சுமார் ஒன்றேகால் மீட்டர் அகலம். அது கோணலானால் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து கோணலாகப் பார்க்கும். அதாவது ஸ்டீயரிங்கை நீங்கள் திருப்பாமலே பின்பக்கம் வண்டியைத் திருப்புகிறது. பிரேக்கை விட்டால் மறுபடி நேராகும். 44-ஆம் எண் சாலையில் ஆம்னி பஸ் ஒன்று பக்கத்தில் சீறிக் கடக்கிறபோது காரின் பின்பக்கம் அலைகிறதே, பல வண்டிகளில் அதற்குக் காரணம் இதுதான். தர்மபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில், முன்னும் பின்னும் பாரவண்டிகள் வரும்போது, பிரேக்கைத் தொட்டால் ஒரு பக்கம் இழுக்கிற காரை ஓட்டுவது விளையாட்டில்லை. டயர் ஒரு ஓரமாகத் தேய்வதும் இதே காரணத்தால் வரலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கிற காரின் அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி நிறுத்துவதும் வேண்டாம், அது பாரத்தில் திடீரென்று நொறுங்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு ரப்பராகப் பாருங்கள். மேலாக மெல்லிய கீறல் இருந்தால் பயமில்லை. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து இடைவெளி தெரிந்தாலோ, உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாலோ அது முடிந்தது. பிறகு ஒரு லீவர் கம்பியை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் அமுங்கி உடனே திரும்பும். போன புஷ் டொக்கென்று நகரும். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே டொக்.

மாற்றுவது என்று முடிவானால் ஆறையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். புஷ் விலை பெரிதில்லை, கழற்றி மாட்டுகிற உழைப்புதான் பெரிது. ஒரு ஆர்மைக் கழற்றி வேலையை முடித்து மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஆக்ஸிலுக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும், பிரேக் ஹோஸில் பாரம் தொங்கக் கூடாது.

கழற்றிய ஆர்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரஸ்ஸில் வைத்துப் பழைய புஷ்ஷைத் தள்ளி எடுக்க வேண்டும். கேஸ் வைத்து எரித்து எடுக்கிற இடங்களும் உண்டு. அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது, ஆர்மின் இரும்பும் அந்தச் சூட்டில் பலம் குறையலாம். புதியதை ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். பிரஸ் அழுத்துகிற பைப் துண்டு, புஷ்ஷின் வெளிவளையத்தில் மட்டும் சரியாக உட்கார வேண்டும். உள்குழாயிலோ ரப்பரிலோ அழுத்தினால் புதுப் புஷ் உள்ளே போகும்போதே கிழிந்துவிடும். சுத்தியலால் அடித்து இறக்கினால் வளையம் நசுங்கிவிடும். துளையைத் துருப் போகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். சில கார்களின் புஷ்ஷில் ரப்பரிலேயே இடைவெளி விட்டு வார்த்திருப்பார்கள். அது எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று குறி இருக்கும், பழையது இருந்த நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்ட பிறகே தள்ள வேண்டும்.

இனிச் சொல்வதை மட்டுமாவது மறந்துவிடாதீர்கள். ஆர்மை மாட்டியாயிற்று, போல்ட் போட்டாயிற்று. வண்டி இன்னும் ஸ்டாண்டில், ஆக்ஸில் கீழே தொங்குகிறது. இந்த நிலையில் போல்ட்டைக் கடைசி வரை முடுக்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்போது உள்குழாய் அந்தத் தொங்கிய கோணத்திலேயே பிராக்கெட்டில் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் வேகத்தடையில் இன்னும் முறுக்கினால் எத்தனை நாள் தாங்கும்? அதன் பிறகு, “போன வருஷம்தாங்க மாத்தினேன், டூப்ளிகேட் மால் கொடுத்துட்டான்” என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பல நேரம் பொருளில் குற்றம் இல்லை.

போல்ட்டைக் கையால் பிடிக்கிற அளவுக்கு விட்டுவைத்து, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அது தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகே முழுசாக முடுக்க வேண்டும். அடியில் புகுந்து செய்யச் சர்வீஸ் குழி வேண்டும். குழி இல்லாத பட்டறையில், வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே ஆக்ஸிலுக்குக் கீழே இன்னொரு ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங் வண்டிப் பாரத்தை வாங்குகிற அளவுக்கு உயர்த்தி முடுக்கலாம். லேட்ரல் ராட், ஆம்னியின் ஷேக்கிள், ஷாக் அப்சார்பரின் அடிக்கண் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். “அண்ணா, வண்டி தரையில நிக்கும்போது ஒருக்கா டைட் பண்ணிடுங்க” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கெட்டி, சீக்கிரம் தேயாது. ஆனால் சாலையின் அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும். வீட்டுக் காருக்கு ரப்பரே போதும் என்பது என் எண்ணம். வாங்கும்போது பழைய புஷ்ஷைப் பக்கத்தில் வைத்து உள்குழாயின் நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய் குட்டையாக இருந்தால் போல்ட் எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது. அலமாரியில் பல வருடம் கிடந்த சரக்காக இருந்தால், நகத்தால் அழுத்தும்போதே கட்டி தட்டியது தெரியும்.

வேலை முடிந்ததும் தர்மபுரி வரை ஒரு முறை ஓட்டிவிட்டு வந்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள். வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்ப்பதும் டயரை இடம் மாற்றுவதும் அதற்குப் பிறகுதான். அடுத்த முறை வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது, அடியில் தண்ணீர் மட்டும் போதும், டீசல் அடிக்க வேண்டாம் என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.