முகமே முதன்மை



கறுப்பு வெள்ளைச் சுருளில் படமெடுக்கப் பழகுவோர்க்கு முதற்பாடம் ஒளியை அளத்தலாகும். நல்ல வெயிலில், 400 வேகச் சுருளுக்கு லென்ஸ் துவாரம் எஃப் 16, ஷட்டர் 1/500 விநாடி என்பது எளிய கணக்கு. ஆயினும் பொங்கல் விழாவில் நம் பெரியவர்கள் வெள்ளை வேட்டி சட்டையுடன் நிற்கையில், ஒளிமானி அவ்வெண்மையை அளந்து ஏமாறும், முகம் இருண்டுவிடும். சுருளில் பதியாத முகத்தை இருட்டறையில் எந்த மருந்தாலும் வரவழைக்க இயலாது. வேட்டியில் மிகுந்த ஒளியையோ, தாளில் அச்சிடும்போது ஓரளவு அடக்கிக்கொள்ளலாம். ஆதலின் அருகே சென்று, முகத்தில் விழும் ஒளியையே அளப்போமாக. ஊரைவிட்டு வெகுதொலைவில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் நாளை அப்படத்தில் தேடப்போவது அம்முகத்தையே அன்றோ!