மயக்க மருந்து டொக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

(பாலையூற்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறியவன் நான். இங்கே வந்து இறங்கியதும் சட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் வேற்றூருக்கு வந்த நினைப்பு வரவில்லை. 1977லும் 1983லும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. உங்களில் பலருக்கு இன்றைக்கும் அண்ணன், தங்கச்சி, பெரியம்மா எல்லாம் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று இந்தப் பேச்சை நமது செய்தி மடலுக்கும் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. ஓ.எல். வரை படித்தவன். ஆனால் இந்த வேலையில் நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல. அங்கே டொக்டர்மாரிடமும் தாதிமாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒபரேசன் செய்துகொண்ட யாரையாவது கேளுங்கள். "எந்த டொக்டர் வெட்டினார்?" என்றால் உடனே பெயர் சொல்வார்கள். "மயக்க மருந்து கொடுத்தது யார்?" என்றால் முழிப்பார்கள். "யாரோ வந்தாங்க, ஊசி போட்டாங்க, போயிட்டாங்க" என்பார்கள். அங்கேதான் நாம் தப்பாக விளங்கிக்கொண்டிருக்கிறோம். அவர் போகவே இல்லை. உங்களுக்கு நினைவு போனதால் அவர் நின்றது உங்களுக்குத் தெரியவில்லை.

முழு மயக்கம் என்பது தூக்கம் இல்லை. தூங்குகிறவன் தானாக மூச்சு விடுவான், நுளம்பு கடித்தால் புரண்டு படுப்பான். பெரிய வயிற்று ஒபரேசனுக்கு உடம்பின் தசைகள் எல்லாம் தளரும்படி மருந்து கொடுக்கிறார்கள். மூச்சு விடுகிற தசையும் அதோடு சேர்ந்து தளர்ந்துவிடும். அந்த நிமிஷத்திலிருந்து நோயாளிக்காக மூச்சு விடுகிற பொறுப்பு மயக்க மருந்து டொக்டருடையது. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி, மெசினில் தொடுத்து, ஒட்சிசன் கொடுக்கிறார். விரலில் மாட்டிய கிளிப், கையில் கட்டிய பட்டி, நெஞ்சில் ஒட்டிய வயர் எல்லாம் அவருக்குத்தான் சேதி சொல்கின்றன. எவ்வளவு இரத்தம் போனது, எவ்வளவு ஏற்றுவது, பிரஷர் ஏன் இறங்குகிறது என்பதையெல்லாம் அவர் பார்க்கிறார். துறைமுகத்துப் பக்கம் இருக்கிற உங்களுக்கு ஒரு பேச்சில் சொல்வதானால், நடுக்கடலில் ஓடுகிற கப்பலிலேயே எஞ்சினைக் கழற்றித் திருத்துகிற வேலை அது. திருத்துகிறவர் சத்திரசிகிச்சை நிபுணர். அதுவரை கப்பல் தாழாமல் பார்த்துக்கொள்கிறவர் இவர்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டு. எங்கள் டிவிஷனில் ஒரு தம்பி, ஃபெக்டரி வேலை. வயிற்று வலி என்று இரண்டு நாள் லயத்திலேயே படுத்துக் கிடந்தான். ஓமத்தண்ணி கொடுத்தார்கள், எண்ணெய் தடவினார்கள். மூன்றாம் நாள் வயிறு பலகை மாதிரி இறுகிப் போனது. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் டவுனில் நிறுத்தி, "வெறும் வயித்தோட கொண்டு போகக்கூடாது" என்று ஒரு பால் தேத்தண்ணியும் பனிசும் வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். நலன்புரி உத்தியோகத்தர்! அவனுக்குப் பனிசு இறங்கவில்லை, தேத்தண்ணியை மட்டும் பாதி குடித்தான்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குடலில் ஓட்டை, இன்றிரவே ஒபரேசன் என்றார்கள். தியேட்டருக்குக் கொண்டு போகுமுன் ஒரு டொக்டர் அம்மா வந்தார். சின்ன வயது. மயக்க மருந்து டொக்டர் என்று அப்போது எனக்குத் தெரியாது. வாயைத் திறக்கச் சொன்னார், பல் ஆடுதா என்று பார்த்தார், கழுத்தை நிமிர்த்தச் சொன்னார். கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவன் பெண்சாதி பயத்தில் "ஒன்னுமே சாப்பிடல" என்றாள். குடிப்பழக்கம் உண்டா என்றார். "இல்லை" என்றாள். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது ஓடிப் போய், "மிஸ், நாலு மணிக்குப் பால் தேத்தண்ணி குடிச்சான், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கசிப்பும் நாளாந்தம் குடிப்பான்" என்று சொல்லிவிட்டேன். ஏச்சு விழும் என்று பார்த்தேன். அவர் ஏசவில்லை. "வயிறு இப்படி இருக்கிறவங்களுக்கு எப்படியும் வயிறு நிறைஞ்சிருக்குன்னு வச்சுத்தான் நாங்க செய்வோம். ஆனா இந்தக் குடி விஷயத்தை நீங்க சொன்னது பெரிய உதவி" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. மயக்கம் வரும்போது தொண்டையின் காவலும் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நெஞ்சுக்குள், சுவாசப் பைக்குள் இறங்கினால், ஒபரேசன் நன்றாக முடிந்தும் ஆள் போய்விடலாம். அதனால்தான் நாள் குறித்த ஒபரேசனுக்கு 6 மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வது. பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். பால் போடாத சாயத் தேத்தண்ணி தண்ணீர்க் கணக்கு. அதை 2 மணித்தியாலம் முன்பு வரை குடிக்கலாம் என்பது பொது விதி. ஆனாலும் வாட்டில் உங்களுக்கு என்ன நேரம் சொன்னார்களோ அதுதான் சட்டம். நாளாந்தம் குடிக்கிறவன் கதை வேறு. குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, புத்தி தடுமாறி, வயர்களைப் பிடுங்குவான். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து ஆயத்தமாக இருக்கும். தெரியாவிட்டால் எதனால் இப்படி ஆகிறது என்று தேடவேண்டி வரும்.

ஒபரேசன் விடியற்காலையில் முடிந்தது. தம்பியை வாட்டுக்குக் கொண்டு வரவில்லை. அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். குடலில் இருந்த அழுக்கு வயிற்றுக்குள் சிந்தி, கிருமி இரத்தத்தில் ஏறி, பிரஷர் விழுந்து, சிறுநீரும் குறைந்துபோயிருந்தது. தையல் போட்டதோடு முடிகிற காரியம் இல்லை. அங்கே போய்ப் பார்த்தால், அதே டொக்டர் அம்மா! அவரும் அவருடைய பெரிய டொக்டரும்தான் அந்தப் பிரிவையே நடத்துகிறார்கள். எனக்கு ஆச்சரியம். மயக்க மருந்து டொக்டருக்கு இங்கே என்ன வேலை?

அதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1952இல் டென்மார்க் நாட்டின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்து பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாளுக்குள் இறந்துபோனார்கள். அப்போது பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து டொக்டரைக் கூப்பிட்டார்கள். தியேட்டரில் தினமும் செய்வதை இங்கே செய்தால் என்ன என்று அவர் கேட்டார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். பிள்ளை பிழைத்தது. பிறகு ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டு, இரவு பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பை அமுக்கினார்கள். நம் ஊரில் கொழுந்து மடுவத்தில் முறை போடுவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த வருஷம், 1953இல், அதே நகரத்தில் இப்சன் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். உலகம் முழுக்க இருக்கிற இந்தப் பிரிவுகளுக்கு அதுதான் தாய்வீடு. நம் நாட்டிலும் மயக்க மருந்து நிபுணர்களின் கல்லூரி தன் பெயரிலேயே தீவிர சிகிச்சை நிபுணர்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. 2020இலும் 2021இலும் கொரோனா வந்தபோது மெசினில் கிடந்தவர்களைப் பார்த்ததில் இவர்கள் முன்னணியில் நின்றார்கள்.

தம்பி கதைக்குத் திரும்புகிறேன். மூன்றாம் நாள் அவன் தாயார் என் கையைப் பிடித்து அழுதார். "ஐயா, மெசின்ல போட்டுட்டாங்க. இனி எம்புள்ள இல்ல. உசிரு இருக்கையிலேயே வீட்டுக்குக் கொண்டு போயிருவோம், லயத்துல சாகட்டும்" என்றார். சொந்தக்காரர் நாலு பேரும் அதையே சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போக ஆளும் ஆயத்தம். நானே அரைமனதாகத்தான் நின்றேன், உண்மையைச் சொல்ல வேண்டும்.

டொக்டர் அம்மா அந்தத் தாயை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அம்மா, மெசின் உயிரைப் பிடிச்சு வச்சு ஏமாத்துறதுக்கு இல்ல. உங்க மகனோட உடம்பு கிருமியோட சண்டை போடுது. மூச்சு விடுற வேலையை நாங்க வாங்கிக்கிட்டா அந்தப் பெலன் சண்டைக்குப் போகும். அவர் தானா மூச்சு விடத் தொடங்கினா மெசினைக் கழட்டிருவோம். நேத்தைக்கு இன்னைக்கு மருந்து குறைஞ்சிருக்கு, சிறுநீர் கூடியிருக்கு." கடைசியில் ஒன்று சொன்னார். "பிழைப்பார்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. இப்ப கொண்டு போனா வழியிலேயே போயிரும், அது மட்டும் எனக்குத் தெரியும்."

தாயார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் பேர் சொல்லிக் கூப்பிடலாமா?" என்று கேட்டார். கூப்பிடலாம், கேட்கும் என்றார்கள். நாலாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வாட்டுக்கு வந்தான். இன்றைக்கு இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

எல்லோரும் அப்படிப் பிழைப்பதில்லை. மெசினில் போட்டும் போனவர்களை நான் தோட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் மூன்று நாள் லயத்தில் கிடந்துவிட்டு வந்தவர்கள். வலியோடு வயிறு இறுகினால், காய்ச்சலோடு வாந்தி நிற்காவிட்டால், ஓமத்தண்ணியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அன்றைக்கே புறப்படுங்கள்.

இந்த நிபுணர்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. மருத்துவப் படிப்பு முடித்து, அதற்கு மேலும் பல வருஷம் படிக்க வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அந்த வருஷம் மார்ச் மாதம் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலையில் நாள் குறித்த ஒபரேசன்களை நிறுத்தி, அவசரத்துக்கு மட்டும் செய்தது ஞாபகம் இருக்கும். கத்தி இருக்கும், வெட்டுகிற கையும் இருக்கும். மயக்கத்துக்கு மருந்தும் ஆளும் இல்லையென்றால் மேசை சும்மாதான் கிடக்கும். நாள் கொடுத்தால் தவறாமல் போங்கள் என்று நான் கரைச்சல் படுத்துவது அதனால்தான்.

போகும்போது கிளினிக் கொப்பியையும், குடிக்கிற குளிசைகளை உறையோடும் கொண்டு போங்கள். கசாயம், லேகியம் குடித்தாலும் சொல்லுங்கள். பீடி, வெற்றிலை, புகையிலை, கசிப்பு எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் சொந்தக்காரரை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது முன்பு மயக்க மருந்தால் கஷ்டம் வந்திருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். கட்டுப்பல்லைக் கழற்றுங்கள், நகச் சாயத்தை அழியுங்கள், விரல் கிளிப் சரியாக வாசிக்க வேண்டும். கொழுந்தெடுக்கிற நம் பெண்களுக்கு இரத்தச்சோகை கூட. அதை முன்பே கிளினிக்கில் பார்த்துச் சரிப்படுத்தினால் தியேட்டரில் பாதிப் பயம் குறையும்.

(பேச்சு முடிந்ததும் ஒரு அக்கா எழுந்து, "புள்ளப் பேறு ஒபரேசனுக்கு முதுகில போட்ட ஊசியால பத்து வருஷமா இடுப்பு வலிக்குது, அது உண்மையா?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில்:)

அக்கா, இதை நானும் கேட்டேன். ஊசி போட்ட இடம் சில நாள் நோகும். சிலருக்குத் தலையிடியும் வரும், அது வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஆனால் வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை என்றுதான் டொக்டர்மார் சொல்கிறார்கள். பிள்ளை சுமந்த இடுப்பு, அதற்கு முன்னும் பின்னும் மலையில் கூடை சுமந்த முதுகு. வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனியாகக் காட்டுங்கள். கொப்பியைக் கொண்டு வாருங்கள், வாற கிழமை கிளினிக்குக்கு நான் கடிதம் தருகிறேன்.